பச்சைக் காரின் முன் டயர்

மிக்கேலுக்குச் சைக்கிளைத் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியாது. அந்தமானுக்கு வந்த இத்தனை வருஷத்தில் ஒரு ஜீப்பின் ஸ்டியரிங்கைக்கூடத் தொட்டுப் பார்த்தவரில்லை. ஃபீனிக்ஸ் பே பட்டறையில் ஃபிட்டர். பழுதாகி வரும் படகு எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுவது வேலை. அப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டில்தான், போர்ட் பிளேர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத ரேஸ் கார்கள் வரிசை கட்டி நின்றன. எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிறவை. திருவிழாக் கடைத் தகரப் பொம்மை என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர் வீட்டில் அந்த ஆளுக்குக் காபி கிடைக்காது.

"தகரமா? கையில வச்சுப் பாரும் வே, கனம் தெரியும். உருக்கி அச்சுல வார்த்தது. சீமைச் சரக்கு" என்று ஆரம்பிப்பார். கையில் வைத்துப் பார்க்கச் சொல்வாரே தவிர, கையில் தர மாட்டார்.

முதல் கார் வந்தது ஐம்பத்துமூன்றிலோ நான்கிலோ. மரம் ஏற்ற வந்த வெளிநாட்டுக் கப்பலின் எஞ்சினியர் ஒருவன் கரையில் சிப்பி தேடிக்கொண்டு அலைந்தான். மிக்கேல் வேம்பாரில் பிறந்தவர், சங்கும் சிப்பியும் அவருக்குப் பால்குடி காலத்துச் சிநேகம். பாசியைச் சுரண்டி, அமிலத்தில் முக்கி, முத்துப்போல் பளபளக்கத் தேய்த்து வைத்திருந்த பெரிய சிப்பி ஒன்றை நீட்டினார். எஞ்சினியர் சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சைக் காரை எடுத்துக் கொடுத்தான். மூக்கு நீண்டு, மேல்மூடி இல்லாமல், நடுவில் ஓட்டுகிறவன் தலை மட்டும் தெரிய, சக்கரம் நான்கும் உடம்புக்கு வெளியே நின்ற கார். மிக்கேல் அன்று மத்தியானம் சாப்பிட மறந்துபோனார் என்பார்கள். அவருக்கு அது நடந்ததே நினைவில்லை, காரின் முதுகில் எழுதியிருந்த இருபத்துநாலு என்ற எண்தான் நினைவிருக்கிறது.

அப்புறம் லீவுக்கு மெயின்லேண்ட் போகும்போதெல்லாம் வேட்டைதான். சென்னை மூர் மார்க்கெட்டில் ஒன்று. கல்கத்தாவில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா கிளம்பிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிடம் நாலைந்து. சிவப்பு என்றால் இத்தாலிக்காரன், நீலம் பிரெஞ்சுக்காரன், வெள்ளி ஜெர்மன்காரன், பச்சை இங்கிலீஷ்காரன் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததைப் பட்டறை முழுக்கப் பாடம் நடத்தினார். குடியரசு தினத்துச் சைக்கிள் போட்டியைத் தவிர வேறு பந்தயம் பார்த்தறியாதவர் நடத்திய பாடம்.

உப்புக்காற்று ஊரில் இரும்பு வைத்திருப்பதும் எதிரியை வீட்டில் வைத்திருப்பதும் ஒன்று. படாக் மரத்தில் கண்ணாடி போட்ட அலமாரி ஒன்றை அவரே செய்தார். ஈரத்தை இழுக்க உள்ளே ஒரு கிண்ணம் சுண்ணாம்பு, பூச்சிக்கு நாப்தலின் உருண்டை. விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு காரையும் எடுத்து, மெல்லிய துணியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அச்சாணி முதல் டயர் வரை துடைப்பார். "என் தலையில இம்புட்டு எண்ணெய் வச்சிருந்தா முடி கணுக்கால் வரைக்கும் வளந்திருக்கும்" என்று மனைவி செலின் சொல்லாத காலை கிடையாது. பிள்ளைகள் இருவரும் வேம்பாரில் தாத்தா வீட்டிலிருந்து படித்தார்கள். அதுவும் கார்களைப் பாதுகாக்கத்தான் என்று தெருவில் ஒரு கேலி உண்டு.

வருஷத்துக்கு ஒரு முறைதான் கார்கள் அலமாரியை விட்டு இறங்கும். கிறிஸ்துமஸுக்கு. முன்னறையில் பாதி இடத்தை அடைத்துக் குடில் வைப்பார். வைக்கோல் கூரை, மாடு, கழுதை, மாதா, சூசையப்பர், இடையர்கள், எல்லாம் மற்ற வீடுகளில் இருப்பதுபோலத்தான். ஆனால் மிக்கேல் வீட்டுப் பெத்லகேமைச் சுற்றிக் கடல் மணலில் ஒரு ரேஸ் பாதை ஓடும். மூன்று ராஜாக்களும் ஒட்டகத்தில் வராமல் ஆளுக்கொரு ரேஸ் காரின் பக்கத்தில் நிற்பார்கள். "பாலன் பிறக்கிறதுக்கு முந்தியே வந்து சேர்ந்துருவாங்க போலிருக்கே" என்று பங்குச் சாமியார்கூடச் சிரித்துவிட்டுத்தான் தீர்த்தம் தெளித்துக் குடிலை மந்திரித்தார். இந்து, முஸ்லிம், பெங்காலி, தெலுங்கர் என்று தெருவே வந்து பார்க்கும். வந்தவர்கள் எல்லாரும் குடிலிலிருந்து பாலன் சுரூபத்தை எடுத்து உதட்டோடு ஒற்றி முத்தி செய்துவிட்டு வைப்பார்கள். பாலனைத் தொடலாம், முத்தி செய்யலாம், மார்போடு அணைத்துக்கொள்ளலாம். கார்களைத் தொடக் கூடாது. மிக்கேல் வீட்டுச் சட்டம் அது.

அந்தச் சட்டத்தால் ஒரு வருஷம் பெரிய தகராறு ஆனது. வெள்ளிக் காரின் முன்கண்ணாடித் துண்டு காணாமல் போனது. அரிசி அளவுகூட இருக்காது. மிக்கேல் வாசல் கதவைச் சாத்திவிட்டு, வந்திருந்தவர்கள் அத்தனை பேரையும் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார். பெண்கள் முந்தானையை உதறினார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பாலசுப்பிரமணியம், விவசாய இலாகா கிளார்க், மன்னார்குடிப் பக்கத்து மானஸ்தர், தன் ஜிப்பாப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். காட்டும்போது அவருக்குக் காது சிவந்துவிட்டது. மறுநாள் கண்ணாடி மாட்டுத் தொழுவ வைக்கோலுக்குள் கிடந்தது. மிக்கேல் போய் மன்னிப்புக் கேட்டார். பாலு சிரித்தார், காபி கொடுத்தார். ஆனால் அதுவரை "அண்ணே" என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து "மிஸ்டர் மிக்கேல்" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அறுபத்தேழு கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் பாலுவுக்கு வடகோடியில் இருக்கும் திக்லிபூருக்கு மாற்றல். மறுநாள் காலைக் கப்பல். குவார்ட்டர்ஸ் சாவியைக் காலையில் ஒப்படைத்தால் போதும், பெட்டி படுக்கையெல்லாம் கட்டியாயிற்று. கடைசியாக ஒரு தடவை குடிலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவர் மனைவி மரகதம்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாலு வாசலோடு நின்றுகொண்டார். குழந்தை ஜெயமணிக்கு இரண்டு வயது முடியவில்லை. அறை முழுக்க ஆட்கள். ஒவ்வொருவராகப் பாலனை முத்தி செய்வதை அவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் முத்திக் குடு தங்கம்" என்று செலின் அவளைக் குடிலுக்கு முன் இறக்கிவிட்டாள்.

ஜெயமணி பாலனைப் பார்த்தாள். மாட்டைப் பார்த்தாள். பிறகு குனிந்து இருபத்துநாலு எண் போட்ட பச்சைக் காரை இரண்டு கையாலும் எடுத்து முகத்தோடு சேர்த்து அழுத்தி முத்தி செய்தாள். கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மிக்கேலும் சிரித்தார். சட்டம் மீறப்பட்டும் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிள்ளைக்குத் தன்னுடைய ரசனை இருக்கிறதே என்று ஒரு பெருமை. சிரிப்புக்கு நடுவில் குழந்தைக்குப் புரையேறி முகம் சிவந்தது. மரகதம் முதுகைத் தட்டி, தண்ணீர் கொடுத்தாள். இருமல் அடங்கியது. செலின் காரை வாங்கித் தன் முந்தானையில் துடைத்து, பழைய இடத்திலேயே மணலில் வைத்தாள்.

அன்று ராத்திரி பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயமணி இருமிக்கொண்டே இருந்தாள். டிசம்பர் மழை, சளி பிடித்திருக்கும் என்று மிக்கேல் புரண்டு படுத்துக்கொண்டார்.

காலையில் துணியும் எண்ணெயுமாக உட்கார்ந்து பச்சைக் காரை மணலிலிருந்து எடுத்தவருக்குக் கை நின்றுவிட்டது. முன் இடது சக்கரம் வெறும் கம்பி வளையமாக இருந்தது. டயர் இல்லை.

முன் டயர்கள் பின் டயர்களைவிடச் சின்னவை. துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு ரப்பர் வளையம், நடுவில் ஓட்டை. எந்தக் கடையிலும் கிடைக்காது. மிக்கேல் காரின் கீழே இருந்த மணலைக் கையால் அளைந்தார். பிறகு அடுக்களையிலிருந்து மாவுச் சல்லடையைக் கொண்டுவந்து மணலைப் பிடி பிடியாகச் சலிக்க ஆரம்பித்தார். ஒரு ராஜா கவிழ்ந்தார். கழுதை கவிழ்ந்தது.

"எந்தக் களவாணிப் பயல்னு தெரியல. செலின்! நேத்து யார் யாரெல்லாம் வந்தா, ஒண்ணொண்ணா சொல்லு!"

"மறுபடியுமா? போன தடவை தெருவைக் கூட்டினது போதாதா?" செலின் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "யாரும் தொடல. அந்தப் புள்ள மட்டும்தான் வாயில வச்சு..."

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. மிக்கேல் சல்லடையைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். இருவர் காதிலும் ஒரே நேரத்தில் ராத்திரி இருமல் கேட்டது.

"பக்கத்து வீட்டுல கிளம்பிட்டாங்களா?"

"அப்பவே போயாச்சே. சொல்லிக்கிட்டுத்தான் போனா மரகதம். நீங்க மண்ணைச் சலிச்சுட்டு இருந்தீங்க, தலை நிமிரல."

மிக்கேல் சட்டையை மாட்டிக்கொண்டே சைக்கிளில் ஏறினார். கையிலிருந்த காரை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. அது சட்டைப் பையில் கிடந்து நெஞ்சில் இடித்தது. ஷாதிப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விட்டார். பயம் முழுதாக அவரைப் பிடித்தது அந்த இறக்கத்தில்தான். கப்பல் புறப்பட்டுவிட்டால் திக்லிபூர் போய்ச் சேரும்வரை நடுக்கடல். அங்கே போனாலும் ஒரு கம்பவுண்டரும் நாலு மாத்திரையும்தான். அந்த டயர் நெஞ்சுக்குள் திரும்பிக்கொண்டால் அந்தக் குழந்தை மரகதத்தின் மடியிலேயே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விடும். மாதாவே, கப்பல் போயிருக்கக் கூடாது.

கப்பல் போகவில்லை. ஆனால் பின்பக்கக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். கப்பல்துறை ஜெட்டியில் கூலிகள் "ஹடோ, ஹடோ" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தார்கள். ஏணிப்படியைத் தூக்கக் கையைக் காட்டப்போன ஜெகநாதன், ஜெட்டி மேஸ்திரி, மிக்கேலுக்குப் பழக்கமானவர்தான்.

"நிறுத்துங்க! ஜெகநாதா, ஏணியைத் தூக்காதே! என் டயர்... டயர் உள்ள போயிடுச்சு!"

மூச்சிரைப்பில் அவருக்கு வந்த வார்த்தை அதுதான். என் டயர்.

ஜெகநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "மிக்கேல் அண்ணே, பொம்மை டயருக்குக் கப்பலை நிறுத்தணுமா? கேப்டன் என் தோலை உரிச்சுருவான். போங்கண்ணே." சுற்றி நின்றவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்களுக்கு ஹிந்தியில் ஒருவன் விளக்கிச் சொன்னான். அவர்களும் சிரித்தார்கள்.

மேல்தளத்துக் கம்பியருகே பாலு நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. போன தடவை சிவந்ததைவிட அதிகமாக முகம் சிவந்து, நூறு பேர் பார்க்க, பேண்ட் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டார்.

"போதுமா மிஸ்டர் மிக்கேல்? பெட்டியைத் திறக்கச் சொல்றீங்களா? எம் பொண்டாட்டி முந்தானையை உதறச் சொல்றீங்களா?"

"சார், அய்யோ, அது இல்ல சார்! புள்ளைக்கு... புள்ள நெஞ்சுக்குள்ள இருக்கு சார்! நேத்து முத்தி செய்யும்போது முழுங்கிருச்சு!"

"எம் புள்ள திருடிடுச்சுன்னு சொல்ல வந்திருக்கீங்க. ரெண்டு வயசுப் புள்ள!"

மிக்கேலுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஒரு டயரையும் கண்ணாடியையும் பெரிதாக்கிப் பேசியே கெடுத்துக்கொண்ட வாய் அது. இன்றைக்கு உயிர் போகிற சமாசாரத்தைச் சொன்னாலும் டயர் என்றுதான் எல்லார் காதிலும் விழுகிறது. அவர் ஜெகநாதனைத் தள்ளிவிட்டு ஏணிப்படியில் ஏறி நடுவில் நின்றுகொண்டார். இனி அதைத் தூக்க முடியாது. மேலிருந்து ஒரு அதிகாரி கத்தினார். கப்பல் ஒரு முறை ஊதியது.

"தங்கச்சி! மரகதம்! நேத்து சாயங்காலத்துக்கு முந்தி புள்ள இருமிச்சா? அதை மட்டும் சொல்லும்மா!"

மரகதம் பாலுவுக்குப் பின்னால் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தினாள். யோசித்தாள். அவள் யோசித்த அந்த நேரத்தில் ஊதல் ஓய்ந்திருந்ததால் ஜெயமணியின் மூச்சு அவள் காதுக்குக் கேட்டது. உள்ளே இழுக்கும்போது ஒரு சீழ்க்கை, வெளியே விடும்போது ஒரு சீழ்க்கை. சளி மூச்சு அப்படிச் சீழ்க்கை அடிக்காது.

"என்னங்க, இறங்கலாம்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? நாளைக்கு நான் ட்யூட்டியில சேரணும். சாமானெல்லாம் கீழ்த்தளத்துல இருக்கு. அடுத்த கப்பல் எப்பன்னு யாருக்குத் தெரியும்?"

"நீங்க போங்க. நான் இறங்குறேன்." அவள் அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஏணிப்படியில் இறங்கினாள். மிக்கேல் பின்னோக்கியே இறங்கி அவளுக்கு வழிவிட்டார். பாலு தொங்கிய பைகளோடு ஒரு கணம் நின்றார், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அவர்களுடைய அரிசி மூட்டையும் டிரங்குப் பெட்டியும் மெத்தையும் அவர்கள் இல்லாமல் திக்லிபூருக்குக் கிளம்பிவிட்டன.

பட்டறைக்கு எண்ணெய் டிரம் இறக்க வந்த லாரிதான் கிடைத்தது. ஆஸ்பத்திரி போகும்வரை பாலு முகத்தைச் சாலைப் பக்கமே திருப்பி வைத்திருந்தார். அது மிக்கேலுக்கு அடியைவிட வலித்தது. ஒருவேளை டயர் சல்லடையில் அகப்படாமல் மணலிலேயே கிடந்தால்? ஒருவேளை செலின் துடைத்த முந்தானையோடு போயிருந்தால்? தான் சொன்னது பொய்யாகப் போகவேண்டும் என்று அவர் மனசார வேண்டிக்கொண்டார். பொய்யாகப் போனால் இந்தத் தீவில் தலை காட்ட முடியாது என்பதும் தெரிந்தது. பரவாயில்லை, பொய்யாகவே போகட்டும்.

பெங்காலி டாக்டர் குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். ஒரு முறை, மறுபடி கழுத்துக்குக் கீழே ஒரு முறை. படம் எடுக்கச் சொன்னார். படத்தில் ஒன்றும் இல்லை. எலும்பு தெரிந்தது, இதயம் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

"பார்த்தீங்களா?" என்றார் பாலு. குரல் உடைந்திருந்தது. "திருப்தியா?"

டாக்டர் கையைக் காட்டி அவரை அமர்த்தினார். ரப்பர் படத்தில் விழாது என்று ஹிந்தியில் சொன்னார். அதே மாதிரி இன்னொரு டயர் இருக்கிறதா என்று மிக்கேலிடம் கேட்டார். மிக்கேல் சட்டைப் பையில் கைவிட்டபோதுதான் கார் அங்கே இருப்பது அவருக்கே தெரிந்தது. டாக்டர் மற்ற முன் டயரைக் கழற்றி விரல் நுனியில் வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, நடுவிலிருந்த ஓட்டை வழியாகப் பார்த்தார்.

அந்த ஓட்டை வழியாகத்தான் குழந்தை ராத்திரி முழுக்க மூச்சு விட்டிருக்கிறது, அது திரும்பினால் மூச்சு நின்றுவிடும் என்றார். உடனே உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள்.

கதவு முழுதாகச் சாத்தவில்லை. மேசையில் படுக்க வைப்பதும், இரண்டு நர்சுகள் கையையும் காலையும் பிடிப்பதும் தெரிந்தது. சீழ்க்கை கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று மூன்று பேரும் காதை அங்கேயே வைத்திருந்தார்கள். நின்றுவிட்டது.

மரகதம் எழுந்து கதவுக்குப் போனாள். பாலு அவளைப் பிடித்துக்கொண்டார். உள்ளே டாக்டர் ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார், "ஜல்தி, ஜல்தி." நுனியில் விளக்கு வைத்த நீளக் குழாய் மின்னியது. குழந்தையின் சின்னப் பாதம் ஒன்று மேசைக்கு வெளியே நீலமாகத் தெரிந்தது. மிக்கேல் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஜெபம் எதுவும் வரவில்லை. அருள் நிறைந்த மரியே என்பதற்கு அடுத்த வார்த்தை மறந்துபோனது.

பிறகு ஒரு அலறல். ஜெயமணியின் அலறல், சீழ்க்கையே கலக்காத முழுத் தொண்டை அலறல். கட்டடமே அதிர்ந்ததுபோல மரகதம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாலு முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். டாக்டர் வியர்வையோடு வெளியே வந்து, வளைந்த எனாமல் தட்டை நீட்டினார். கோழையும் ஒரு துளி ரத்தமுமாக நடுவில் அந்தக் கறுப்பு வளையம் கிடந்தது.

மிக்கேல் குனிந்து பார்த்தார்.

"நல்லவேளை, கிழியல" என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. பதினாலு வருஷமாக விடிந்தால் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. மனசுக்கு முந்தி அது பார்த்துவிட்டது, வாய் கூடவே ஓடிவிட்டது. நாக்கைப் பிடுங்கிப் போடலாம்போல இருந்தது. பாலு முகத்திலிருந்து கையை எடுத்து அவரைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"டாக்டர், அதை அவர்கிட்டயே குடுத்துடுங்க" என்றார் பாலு. "அவர் சாமான் அது."

குழந்தையை இரண்டு நாள் வைத்திருந்து பார்த்து அனுப்பினார்கள். அந்த இரண்டு நாளும் செலின்தான் கஞ்சியும் மாற்றுத் துணியும் கொண்டு போனாள். மிக்கேல் ஆஸ்பத்திரி வாசல் வரை போவார், உள்ளே போகாமல் திரும்பிவிடுவார். குவார்ட்டர்ஸுக்கு வேறு ஆள் குடிவந்தாயிற்று. அடுத்த கப்பல் எப்போது என்று ஃபீனிக்ஸ் பேயில் யாருக்கும் தெரியவில்லை.

"நம்ம வீட்டுலதான் இருக்கணும், வேற பேச்சே கிடையாது" என்று செலின் மரகதத்திடம் முடிவாகச் சொல்லிவிட்டாள். பாலு தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மாற்று வேட்டிகூட இல்லாதவர் எங்கே போவார்.

அவர்கள் வருகிற அன்று மிக்கேல் வேலைக்குப் போகவில்லை. ராஜாக்கள் திருநாள் வருமுன் குடிலைப் பிரிக்கிற வழக்கம் இல்லை. அதனால் அதைக் கலைக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு காராக எடுத்தார். குத்தூசியால் டயரின் ஓரத்தை நெம்பிக் கழற்றினார். சிவப்புக் கார், நீலக் கார், கல்கத்தாவில் ஒரு கிழவி கண்ணீரோடு கொடுத்த வெள்ளிக் கார். சில டயர்கள் எளிதில் வந்தன. சில வர மறுத்தன, பிளேடால் அறுத்தார். கண்ணாடித் துண்டுகளையும் ஸ்டியரிங் வளையங்களையும் பெயர்த்தார். பட்டறையில் யாராவது ஒரு நட்டை இப்படி நெம்பினால் ஊரைக் கூட்டுகிறவர், ஒரு சத்தம் போடாமல் செய்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும், ஆஸ்பத்திரியிலிருந்து காகிதத்தில் பொதிந்து தந்ததையும் சேர்த்து, விறகு அடுப்பில் போட்டார்.

அந்தி மயங்கும் நேரத்தில் செலின் அவர்களை அழைத்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள். "என்னத்த எரிச்சீங்க? வீடு முழுக்க நாத்தம்!"

மரகதம் அடுக்களைப் பக்கமும் குடில் பக்கமும் பார்த்தாள். அவள் மூக்கைப் பொத்தவில்லை.

ஜெயமணி அப்பாவின் கையிலிருந்து குடிலை நோக்கித் தாவினாள். "காரு" என்றாள். மிக்கேல் பச்சைக் காரை எடுத்தார். விரலால் சுற்றிலும் தடவி, இழுத்தால் வருகிற மாதிரி ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அதைக் குழந்தையின் கையில் வைத்தார். அந்த வீட்டில் ஒரு கார் பிள்ளையின் கைக்குப் போனது அன்றைக்குத்தான்.

பாலு குழந்தையைக் கீழே விட்டுவிட்டு அங்கேயே குனிந்து உட்கார்ந்தார். மணல் பாதையில் கார்கள் வெறும் கம்பி வளையங்களில் புதைந்து சாய்ந்து நிற்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒண்ணையாவது விட்டு வச்சிருக்கலாமேண்ணே" என்றார்.